விதைப்பையில் ஆறாமல் கசியும் துளை: எங்கிருந்து வருகிறது?

கிராஞ்சிக்காரன்

வணக்கம். என் மைத்துனருக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 41, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, ஊழியர் விடுதியில் தங்கியிருக்கிறார். சில மாதங்களாக அவருடைய விதைப்பையின் பின்புறத்தில், ஆசனவாயை நோக்கிய பக்கத்தில், மிளகளவு ஒரு துளை இருக்கிறது. அந்த இடம் வீங்கும், வலிக்கும், உடைந்து சீழ் வடியும். வடிந்ததும் வலி அடங்கி மேல்தோல் மூடிக்கொள்ளும். ஆறிவிட்டது என்று அவர் நிம்மதி அடைவதற்குள் மறுபடியும் வீங்கத் தொடங்கும். விடுதிக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சாப்பிடும் வரை அடங்கியிருந்தது, நிறுத்தியதும் திரும்பியது. அறைத் தோழர்கள் உடல் சூடு என்கிறார்கள். இளநீரும் எண்ணெய்க் குளியலும் பரிந்துரைக்கிறார்கள். ஊரிலுள்ள என் தமக்கையிடம் அவர் இதைப் பற்றி இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இத்தகைய துளைக்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும், எந்தத் துறை மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி

தம்பி, பெருங்குடல் அறுவைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் மைத்துனரை நான் பரிசோதிக்கவில்லை; ஆகவே நான் எழுதுவது மருத்துவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டுமே பயன்படட்டும்.

வீங்கி, உடைந்து, வடிந்து, மூடி, மீண்டும் வீங்கும் துளை என்றால் தோலில் தெரிவது வெறும் வாசல்தான். சீழ் உற்பத்தியாகும் இடம் உள்ளே வேறெங்கோ இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வாசலை மட்டும் மூட முயன்றால் சீழ் வேறொரு வழியைத் தேடிக்கொள்ளும். உங்கள் மைத்துனருக்கு ஆன்டிபயாட்டிக் நின்றதும் வடிதல் திரும்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

விதைப்பையின் பின்புறத்தில் துளை என்றதும் நான் முதலில் ஐயப்படுவது பவுத்திரத்தைத்தான், அதாவது ஆசனவாயின் உட்புறத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே உண்டாகும் சுரங்கம் போன்ற பாதையை. ஆசனவாயின் உட்புறத்தில், பல்வரிசைபோல் தெரியும் ஒரு கோட்டையொட்டி, சிறு சுரப்பிகள் சுற்றிலும் அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டுச் சீழ் கட்டினால், அந்தச் சீழ் சுருக்குத் தசைகளுக்கு இடையே ஊர்ந்து எளிதில் வழிவிடும் திசையில் போய்த் தோலை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அவ்வாறு சீழ்க்கட்டி வந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை பிற்பாடு பவுத்திரத்துக்கு ஆளாகிறார்கள் என்று அறுவைநூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் வெளித்துளை ஆசனவாய்க்கு அருகிலேயே இருக்கும். ஆனால் முன்புறச் சுரப்பியில் தொடங்கியது முன்னோக்கி நீண்டு விதைப்பையின் அடிவரை வந்து திறப்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குட்சால் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வகுத்த விதிப்படி, ஆசனவாய்க்கு முன்புறம் உள்ள துளையிலிருந்து பாதை நேராக உள்ளே செல்லும், பின்புறம் உள்ள துளையிலிருந்து வளைந்து பின்நடுவில் போய்ச் சேரும். ஆனால் முன்புறத் துளை ஆசனவாயின் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் அந்த விதியை நம்ப முடியாது, ஏனெனில் பாதை ஆசனவாயைச் சுற்றி வளைந்து பின்புறத்திலிருந்தே வந்திருக்கக்கூடும். விதைப்பையில் திறக்கும் துளை அநேகமாக எப்போதும் இந்த விதிவிலக்கில்தான் அடங்கும். ஆகவே வெளியிலிருந்து பார்த்தோ கம்பியை நுழைத்தோ பாதையை ஊகிப்பது தவறான வழிக்கே இட்டுச் செல்லும். எம்ஆர்ஐ படம்தான் சுருக்குத் தசையில் எவ்வளவு பகுதியைப் பாதை துளைத்துச் செல்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

மீன்தலைக் கறியை விரும்பி உண்ணும் நம் ஊரில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: விழுங்கப்பட்ட மீன்முள் குடல் முழுவதையும் கடந்து வந்து ஆசனவாய்க்கு அருகில் குத்தி நின்று சீழ்க்கட்டியை உண்டாக்குவதும் உண்டு. அரிதுதான், ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வடிவது என்ன என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சீழா, சீழோடு மலவாடை வருகிறதா, தெளிந்த நீரா, சிறுநீர் கழிக்கும்போது அந்த இடம் நனைகிறதா? மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

விடுதித் தொண்டூழியர்

தாதி அக்கா சொன்னதை ஏற்கிறேன். பவுத்திரம்தான் அடிக்கடி காணப்படும் காரணம். ஆயினும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவமனைகளில் மொழிபெயர்த்து உதவுபவன் என்ற முறையில், காசநோயை இந்த வரிசையில் இரண்டாவது இடத்துக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காசநோய் என்றால் இருமல், சளி, நுரையீரல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அக்கிருமி இரத்தத்தின் வழியாகவோ சிறுநீரகத்திலிருந்து இறங்கியோ விதையின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் குடியேறிவிடும். அங்கே மெல்ல மெல்ல ஒரு கடினமான கட்டி உருவாகும். சாதாரண சீழ்க்கட்டிக்கு உள்ள சூடும் சிவப்பும் கடும் வலியும் அதற்கு இராது. ஆகவே யாரும் பொருட்படுத்துவதில்லை. நாளடைவில் அது விதைப்பையின் தோலோடு ஒட்டிக்கொண்டு பின்புறத்தில் உடைந்து கசியத் தொடங்கும். விந்துக் குழாயைத் தடவிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாகத் தென்படுவது மருத்துவருக்கு ஒரு முக்கியமான தடயம். பழைய பாடநூல்கள், பின்புறத் துளை என்றால் காசநோயையும், முன்புறத் துளை என்றால் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் முற்றி விதையைத் தாக்கியதையும் நினைக்கச் சொல்லும். சிஃபிலிஸ் அந்த நிலைவரை முற்றுவது இன்று மிக அரிது. ஆனாலும் அதற்கான இரத்தச் சோதனை எளிமையானது என்பதால் அதைத் தவிர்க்கக் காரணமில்லை.

கிராஞ்சிக்காரன் சொன்ன ஒரு செய்தி எனக்குக் கவலை தருகிறது. மைத்துனருக்குக் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக்கின் பெயர் என்ன என்று பாருங்கள். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் முதலிய குயினோலோன் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு ஒடுக்கக்கூடியவை. அதனால் நோய் குணமாவதுபோல் தோன்றும், சோதனையில் கிருமி அகப்படாமல் போகும், கண்டுபிடிப்பது தாமதமாகும், அதற்குள் கிருமி அந்த மருந்துக்கு எதிர்ப்பையும் பெற்றுவிடலாம். மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

சோதனைகள் எளியவைதாம்: மார்பு எக்ஸ்ரே, வடியும் சீழிலிருந்தும் துளையின் விளிம்புத் திசுவிலிருந்தும் மாதிரி, தொடர்ந்து சில நாள்கள் காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர். சிறுநீரில் சீழணுக்கள் நிறைய இருந்தும் சாதாரண வளர்ப்புச் சோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்றால் காசநோயை ஐயப்பட்டே ஆக வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையின் முடிவு விரைவில் வந்துவிடும். வளர்ப்புச் சோதனைக்குப் பல வாரங்கள் பிடிக்கும். நோய் உறுதியானால் வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு. அவற்றுள் ஒன்றான ரிஃபாம்பிசினைச் சாப்பிடுபவருக்குச் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காததால் இரத்தம் போகிறது என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களில் தாதியின் கண்முன்னே மாத்திரையை விழுங்கும் ஏற்பாடு இருக்கிறது. 1997இல் தொடங்கிய தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் முதுகெலும்பு அதுதான்.

நுரையீரலில் நோய் இல்லாமல் விதைப்பையில் மட்டும் இருந்தால் அது பொதுவாக அறைத் தோழர்களுக்குத் தொற்றுவதில்லை. விடுதியில் பலர் நோயை மறைப்பது இந்த அச்சத்தால்தான்.

கிராஞ்சிக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. மாத்திரை அட்டையில் ‘ஆக்மென்டின்’ என்று இருக்கிறது; அது பெனிசிலின் வகை, நீங்கள் சொன்ன குயினோலோன் அன்று. சிறுநீர் கழிக்கும்போது அந்த இடம் நனைவதில்லை என்கிறார். மலவாடை பற்றிக் கேட்டேன். அவருக்கு வெட்கம், சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்னொன்றும் இப்போதுதான் சொன்னார்: சிங்கப்பூருக்கு வருவதற்கு முன், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவருக்கு விதைப்பையில் நீர் கோத்ததற்காக அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

சிறுநீரியல் வார்டு

இருக்கலாம். முதலில் அதை முடித்துவிட்டு, நனைவதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

நீர்க்கோவை அறுவைக்குப் பிறகு உள்ளே கரையாத தையல் நூல் தங்கிவிட்டால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சீழ்வைத்து வெளியே தள்ள முயலும். நூல் துண்டு வெளியே வரும்வரை துளை மூடாது. குடலிறக்கத்துக்கு வைத்த வலையில் தொற்று ஏற்பட்டாலும் இப்படி நடக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் வெட்டப்பட்ட விந்துக் குழாயின் முனை தோலில் வந்து திறந்துகொள்வதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எனினும் அறுவையால் வந்த துளை பெரும்பாலும் பழைய தழும்பின் மீதோ அதை ஒட்டியோ இருக்கும். நீர்க்கோவைக்கு வழக்கமாக முன்புறத்தில்தான் கத்தி வைப்பார்கள். உங்கள் மைத்துனரின் துளை பின்புறத்தில் இருக்கிறது. தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சை வட்டாரம் என்பதால் யானைக்கால் நோயையும் நினைவில் வைக்க வேண்டும். அந்நோய்க்குக் காரணமான, கியூலெக்ஸ் கொசு பரப்பும் புழு ஆண்களுக்கு உண்டாக்கும் பாதிப்புகளில் கால்வீக்கத்தைவிட நீர்க்கோவையே அதிகம். நிணநீர்க் குழாய்கள் அடைபட்டால் விதைப்பையின் தோலில் சிறு கொப்புளங்கள் எழுந்து உடைந்து, தெளிந்த அல்லது பால் போன்ற நீர் உள்ளாடை முழுவதும் நனையுமளவுக்குக் கசியும். அது சீழும் அன்று, சிறுநீரும் அன்று. அதைச் சாதாரணத் துளை என்று எண்ணித் தைத்தால் நிலைமை மோசமாகும்.

இனிச் சிறுநீர். சிறுநீர் வெளியேறும் குழாயில் ஏதேனும் ஓரிடம் சுருங்கிவிட்டால், அதற்குப் பின்னால் அழுத்தம் கூடி, தொற்று சேர்ந்து, குழாயைச் சுற்றிச் சீழ் கட்டி, கடைசியில் விதைப்பையிலோ அதன் பின்புறத்திலோ உடையும். அதன்பின் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அத்துளை வழியே சொட்டும். கவனிக்காமல் விட்டால் துளைகள் பெருகிப் பூவாளியிலிருந்து நீர் தெளிப்பதுபோல் பல இடங்களிலிருந்து சிறுநீர் வடியும். மருத்துவத்திலும் அந்நிலைக்குப் பூவாளியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். முற்காலத்தில் வெட்டை நோய்தான் (கொனோரியா) இதற்கு முதன்மைக் காரணம். இன்று விபத்துகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சாரக்கட்டிலிருந்து கால்களை அகட்டியவாறு குறுக்குக் கம்பியின்மீது விழுபவருக்குச் சிறுநீர்க் குழாய் நசுங்குகிறது, சுருக்கம் சில மாதங்கள், சில வேளைகளில் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. கப்பல் பட்டறை ஊழியரிடம் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

அங்கே கசியும் சிறுநீரோ சீழோ ஏன் தொடைக்கு இறங்காமல் விதைப்பைக்குள் வருகிறது என்று பயிற்சித் தாதியர் கேட்பார்கள். தோலுக்கு அடியில் கோலிஸ் படலம் என்ற ஒரு திசுவடுக்கு இருக்கிறது. அது இருபுறமும் இடுப்பெலும்பின் கிளைகளோடும் பின்னால் ஆசனவாய்க்கு முன்னுள்ள தசைமுடிச்சோடும் இறுக ஒட்டியிருக்கிறது. முன்புறம் மட்டும் திறந்திருப்பதால் கசிந்தது விதைப்பை, ஆண்குறி, அடிவயிறு ஆகிய மூன்று இடங்களுக்கே பரவ முடியும்.

முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. நீண்ட நாள் சிறுநீர் டியூப் பொருத்தப்பட்ட ஆண்களுக்கு, குறி விதைப்பையோடு சேரும் வளைவில் டியூப் அழுத்திக்கொண்டே இருந்தால் குழாயின் சுவர் நைந்து அங்கேயே துளை விழும். டியூபைத் தொங்கவிடாமல் அடிவயிற்றின் மேல் உயர்த்தி ஒட்டிவைத்தால் அந்த வளைவு நேராகி அழுத்தம் குறையும். வீட்டிலுள்ள பணிப்பெண்ணுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள்.

வேப்பம்பட்டை

எல்லோரும் எம்ஆர்ஐ, திசுச் சோதனை என்று செலவுக்கு வழிகாட்டுகிறீர்களே தவிர, நம் மருத்துவத்தில் பவுத்திரத்துக்குத் தனியே கார நூல் சிகிச்சை இருப்பதை ஒருவரும் சொல்லவில்லையே. கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலின் உப்பு, மஞ்சள் ஆகியவற்றை மாறி மாறிப் பூசிக் காயவைத்த நூலைப் பாதைக்குள் செலுத்திக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றினால் பாதை தானாகவே அறுபட்டு ஆறிவிடும். இதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல மையங்களில் ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது நோய் திரும்பியவர்கள் கார நூலில் 4 விழுக்காடு, அறுவையில் 11 விழுக்காடு. மைத்துனரை ஊருக்கு அனுப்பி அதைச் செய்துகொள்ளச் சொல்வதே நல்லது.

ஓய்வுபெற்ற தாதி

ஐயா, அந்த ஆய்வை நானும் அறிவேன், கார நூலை இகழ்பவளும் அல்லேன். அதே ஆய்வில் கார நூலால் புண் ஆற ஏறத்தாழ 8 வாரங்களும் அறுவையில் 4 வாரங்களும் ஆயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அன்றாடம் பாரம் தூக்கும் தொழிலாளிக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

அதைவிட அடிப்படையான ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வில் நூல் கட்டப்பட்டவர்கள் பவுத்திரம் என்று உறுதி செய்யப்பட்டவர்கள். இங்கே நம் முன்னிருப்பவருக்கு அது பவுத்திரமா என்பதே இன்னும் தெரியாது. காசநோயாக இருந்தால் நூலால் பயனில்லை, மருந்துதான் வேண்டும். சிறுநீர்க் குழாயோடு தொடர்புள்ள துளையாக இருந்தால் அறுக்கும் நூல் குழாயையே பாழாக்கிவிடும். குடல் அழற்சியால் வந்த பவுத்திரமாக இருந்தால், தசையை அறுத்த இடம் ஆறாமல் மலத்தை அடக்கும் ஆற்றலே போய்விடக்கூடும். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு எந்த நூல் என்று விவாதிக்கலாம். இன்னொரு செய்தி: சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு, சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு அத்தகைய பதிவுமுறை இல்லை, ஆகவே இங்கே யாரேனும் வீட்டில் வைத்து நூல் கட்டுகிறேன் என்று சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வேப்பம்பட்டை

காரணத்தை உறுதி செய்துகொண்ட பிறகு என்றால் எனக்கும் உடன்பாடே. ஆனால் 8 வாரத்தைக் குறையாகச் சொல்வதை ஏற்க மாட்டேன். நோய் திரும்பி இரண்டாம் முறை கத்தி வைப்பதற்கு எத்தனை வாரமாகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உட்லண்ட்ஸ் மருந்தாளர்

நீரிழிவைப் பற்றி இதுவரை யாரும் பேசாதது வியப்பளிக்கிறது. இந்நாட்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது 2016இல். சீனர்களைவிட இந்தியர்களிடையே அந்நோய் அதிகம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நாற்பதைக் கடந்த ஒரு தமிழருக்குத் திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது என்றால் சர்க்கரை அளவைப் பார்க்காமல் எந்தச் சிகிச்சையையும் தொடங்கக்கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எத்துளையும் எளிதில் ஆறாது.

நீரிழிவு உள்ளவர்கள் அஞ்ச வேண்டிய ஒன்று ஃபூர்னியே அழுகல் நோய். 1883இல் பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே விவரித்ததால் அந்தப் பெயர். ஆசனவாய்ச் சீழ்க்கட்டி, சிறுநீர்க் குழாய்த் தொற்று, சாதாரணமான ஒரு சிறு காயம் என எதிலிருந்தும் தொடங்கி, மேலே சொல்லப்பட்ட கோலிஸ் படலத்தின் வழியே சில மணி நேரத்தில் விதைப்பை முழுவதும் பரவித் திசுவை அழுகச் செய்துவிடும். தோலில் தெரிவதற்குப் பொருந்தாத அளவுக்குக் கடும் வலி, காய்ச்சல், கருமை படரும் தோல், தொட்டால் நறநறவென்ற உணர்வு, அழுகல் வாடை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அழுகிய தோலை முழுவதும் அகற்ற நேர்ந்தாலும் விதைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன, ஏனெனில் அவற்றுக்கு இரத்தம் வருவது வயிற்றின் பெருந்தமனியிலிருந்து நேராக இறங்கும் தனிக் குழாயில். பிழைத்து ஆறியவர்களுள் சிலருக்குப் பிற்பாடு நிலையான துளைகள் எஞ்சுவதுண்டு.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடுவோருக்கு இந்த அழுகல் நோய் மிக அரிதாக வருவது பற்றி அமெரிக்க மருந்து ஆணையம் 2018 ஆகஸ்டில் எச்சரித்தது. அதற்காக யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை தரும் பயன் பெரிது. அந்த இடத்தில் வீக்கமோ வலியோ வந்தால் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மெலியாய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயும் இவ்வட்டாரத்தில் உண்டு. நீரிழிவாளர்களை அது தேடிப் பிடிக்கும், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் சீழ் கட்டுவதுண்டு. சேற்றிலும் மழைநீரிலும் வேலை செய்பவர்களின் சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும்போது தொழிலைக் குறிப்பிடுவது அதனால்தான் முக்கியம்.

பெயர் வேண்டாம்

நான் கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவன். அதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை.

எனக்கும் முதலில் வந்தது ஆசனவாய்ச் சீழ்க்கட்டிதான். பிறகு ஒரு துளை, பிறகு விதைப்பையின் ஓரத்தில் இன்னொன்று. வெறும் பவுத்திரம் என்றே நெடுநாள் நடத்தப்பட்டேன். வயிற்றுவலியையும் எடை குறைந்ததையும் நான் வேலைப் பளு என்று எண்ணிச் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள், வலியில்லாத பெரிய ஆசனவாய் வெடிப்பு, நீடித்த வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வாய்ப்புண் ஆகியவை சேர்ந்திருந்தால் குடலைப் பாருங்கள் என்று கேளுங்கள். குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பார்க்கும் சோதனை எளிது. அது உயர்ந்திருந்தால் கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்வார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களுக்குக் குடல் அழற்சி நோய்கள் கூடுதலாக வருவதை இங்குள்ள மருத்துவர்கள் அறிவார்கள்; நம் மக்கள்தாம் அறிவதில்லை.

எனக்குத் துளையை வெட்டவில்லை. தளர்வான நூல் ஒன்றைப் பாதையில் விட்டு, சீழ் தேங்காமல் பார்த்துக்கொண்டு, அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி கொடுத்தார்கள். பாதை சுருங்கிய பிறகே நூலை எடுத்தார்கள்.

தெம்பனிஸ் வாசகர்

இந்த விவாதத்தைப் படித்த பிறகு ஓர் ஐயம். என் அண்ணன் மகனுக்குத் தொடை இடுக்கிலும் அக்குளிலும் விதைப்பையிலும் மாறி மாறிக் கட்டிகள் வருகின்றன. வயது 24, புகைப்பழக்கமும் உடற்பருமனும் உண்டு. அதுவும் பவுத்திரமாக இருக்குமா?

ஓய்வுபெற்ற தாதி

அக்குளிலும் வருகிறது என்பதே விடையின் பாதி. ஹைட்ராடினைட்டிஸ் என்ற தோல்நோயாக இருக்கலாம். மயிர்க்கால்கள் அடைபட்டு, தோலுக்கடியிலேயே கட்டிகள் ஒன்றோடொன்று சுரங்கமாக இணைந்து பல வாய்களில் வடியும். ஆசனவாய்க்குள் தொடர்பு இராது. தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகையை விட்டால் பயன் உண்டு, முற்றிய நிலைக்கு அடாலிமுமாப் ஊசியும் இருக்கிறது. அழுக்காலோ ஒழுக்கக் குறைவாலோ வருவதன்று என்பதை அந்தப் பையனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

எந்தக் காரணத்தால் வந்ததாயினும், ஆண்டுக்கணக்கில் ஆறாத துளையின் விளிம்பு தடித்தாலோ, புதிதாகச் சதை வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ திசுச் சோதனை கட்டாயம். நெடுநாள் புண்ணில் புற்றுநோய் தோன்றுவது அரிது, ஆனால் உண்டு.

பொங்கோல் தாய்

பிறந்த குழந்தைக்கும் இப்படி வருமா? எங்கள் உறவில் ஓர் ஆண்குழந்தைக்கு விதைப்பையின் நடுக்கோட்டில் கரும்புள்ளிகள் தெரிகின்றனவாம். ஆசனவாய் சரியாகத் திறக்கவில்லை என்கிறார்கள்.

சிறுநீரியல் வார்டு

அது பிறவியிலேயே ஆசனவாய் உரிய இடத்தில் அமையாத நிலை. குடலின் முனை ஒரு மெல்லிய வழியாகத் தோலுக்கடியில் முன்னோக்கி வந்து, விதைப்பையின் நடுத்தழும்பில் திறக்கிறது. நீங்கள் சொல்லும் கரும்புள்ளிகள் அதில் தேங்கிய முதல் மலம். இவ்வகையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவையின் பயன் நன்றாகவே இருக்கும். முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றிலும் குறை உள்ளதா என்று பார்ப்பார்கள், அதைக் கண்டு கலங்க வேண்டாம். சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் குழந்தை அறுவைப் பிரிவு இருக்கிறது, தாமதம் கூடாது.

கிராஞ்சிக்காரன்

மைத்துனரின் செய்தியைச் சொல்ல வந்தேன். அரசாங்க மருத்துவமனையில் பெருங்குடல் அறுவை மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் அவரைப் பார்த்தார்கள். நீர்க்கோவைத் தழும்பு முன்புறத்தில், துளையிலிருந்து விலகித்தான் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பது இப்போதுதான் தெரியவந்தது. மார்பு எக்ஸ்ரே சரியாக இருக்கிறது. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் அவர் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவர் என்றதும், கண்ணில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். காந்தப்புலத்தில் அது அசைந்தால் பார்வை போய்விடுமாம். நம் பட்டறை ஊழியர்கள் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

படத்தில் பாதை ஆசனவாய்க்குள் தொடங்கிச் சுருக்குத் தசையைத் துளைத்து விதைப்பையின் அடிவரை வருகிறதாம். மயக்க மருந்து கொடுத்துச் சீழை வெளியேற்றி, தளர்வான நூல் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். எடுத்த திசுவைக் காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். விரைவுச் சோதனையில் கிருமி இல்லை, வளர்ப்புச் சோதனையின் முடிவு வரவேண்டும். செலவைப் பற்றி அஞ்சிக்கொண்டிருந்தோம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் வரம்பு 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 60,000 வெள்ளியாக உயர்ந்திருப்பதைத் தொண்டூழியர் ஒருவர் எடுத்துச் சொன்னார்.

இப்போது அவருக்குள்ள கேள்வி: நூல் போட்ட பிறகும் வடிந்துகொண்டே இருக்கிறதே, சிகிச்சை பலிக்கவில்லையா? எப்போது வேலைக்குப் போகலாம்?

ஓய்வுபெற்ற தாதி

நூல் இருக்கும்வரை வடியும், தம்பி. வடிய வேண்டும் என்பதற்காகத்தான் அது போடப்பட்டிருக்கிறது. வடிதல் திடீரென நின்று வீக்கமும் காய்ச்சலும் வந்தால்தான் உடனே திரும்பிப் போக வேண்டும், நூல் அறுந்து விழுந்தாலும் அப்படியே. மலம் கழித்த பிறகு வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் உட்காரச் சொல்லுங்கள்; விடுதியில் தொட்டிக்கு வழியில்லை என்றால் குழாய் நீரால் கழுவித் துடைத்துத் துணிப் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும். துளைக்குள் மஞ்சளோ வேறு பொடியோ திணிக்க வேண்டாம். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல வாரங்கள் கழித்து, சீழ்ப்பை சுருங்கிப் பாதை மட்டும் எஞ்சிய பிறகு, அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். தசையை அதிகம் அறுக்காமல் இரு தசைகளுக்கிடையே பாதையைக் கட்டி வெட்டும் லிஃப்ட் முறையை 2007இல் தாய்லாந்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள், இங்கும் செய்கிறார்கள். அவருக்கு அது பொருந்துமா என்று கேட்கச் சொல்லுங்கள், மலத்தை அடக்கும் ஆற்றலுக்கு என்ன பாதிப்பு வரும் என்பதையும் வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, மருத்துவ விடுப்புக் காலத்தை முழுவதும் எடுத்துக்கொள்ளட்டும். அதன்பின் நூலோடு நடமாடலாம், எளிய வேலையும் செய்யலாம். குந்தி உட்கார்ந்து வெல்டிங் செய்வதும் வெப்பத்தில் முழு உடையோடு வியர்த்து நிற்பதும் சில காலத்துக்குக் கூடாது. மாற்று வேலை தேவை என்று மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் மேற்பார்வையாளரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைக்கான அடுத்த சந்திப்பு என்றைக்கு என்று கேட்டீர்களா?

கிராஞ்சிக்காரன்

அடுத்த மாதம் வரச் சொல்லி நாள் கொடுத்திருக்கிறார்கள், அக்கா. வளர்ப்புச் சோதனையின் முடிவும் அன்றைக்கே கிடைக்குமாம். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.